பரிசோதனைக்கு ஆள் தேவை

பாஸ்டன் வந்த புதுசுல, ரெட் லைன் ரயில்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிற்கும்போது படிக்கக் கிடைச்ச முதல் இலக்கியம் மருந்து ஆராய்ச்சி விளம்பரங்கள்தான். தூக்கம் வரலையா? மனசு சரியில்லையா? ராத்திரியில கால் குடைச்சலா? வயசு 18-க்கும் 45-க்கும் நடுவுலயா? இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, வந்து போற சிரமத்துக்குப் பணம் தருவோம். ஆஸ்பத்திரியும் பல்கலைக்கழகமும் மருந்து கம்பெனியும் நெருக்கியடிச்சு இருக்கிற ஊர் இது. ஆள் பிடிக்கிறதே இங்கே ஒரு தனித் தொழில். மாசக் கடைசியில கை வறண்டுபோன மாணவர்கள் அந்த நம்பரைக் குறிச்சுக்கிறதைப் பார்த்திருக்கேன். (நான் கூப்பிடலை. அம்மா இதைப் படிக்கிறாங்க, சத்தியமா கூப்பிடலை :-))

ஆனா ரயில்ல விளம்பரம் ஒட்டி ஆள் சேர்க்க முடியாத பரிசோதனைகளும் இருக்கு. ஊருக்கு ஒருத்தர், நாட்டுக்குப் பத்துப் பேர் என்று சிதறிக் கிடக்கிற அபூர்வமான சிண்ட்ரோம்களுக்கான பரிசோதனைகள். இந்தப் பதிவு அவற்றைப் பற்றி.

நான் படிப்பது பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ். மருத்துவத்துக்குக் கணக்கு போடற வேலைன்னு வெச்சுக்கோங்க. அமெரிக்க அரசு 2000 பிப்ரவரியில் ஒரு இணையப் பட்டியலைத் திறந்தது, பேர் கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ். எந்த மருந்தை யார், எங்கே, எத்தனை பேர் மேல சோதிக்கிறாங்கன்னு அதில் பதிந்து வைக்க வேண்டும். இப்போ அதில் ஐந்து லட்சத்துக்கும் மேல ஆய்வுகள் இருக்கு. தேடும் பெட்டியில் ஏதாவது ஒரு சிண்ட்ரோம் பேரைப் போட்டால் வரிசையாக வந்து நிற்கும். பிராடர்-வில்லி, ரெட், மார்ஃபான், டவுன், ஆங்கெல்மன். சிலதுக்குப் பக்கத்தில் 'ஆட்கள் சேர்க்கப்படுகிறார்கள்' என்று போட்டிருக்கும்.

படித்தால் நம்ம ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வரன் பகுதி மாதிரியே இருக்கும். ஆண், வயது 18 முதல் 41, மரபணுச் சோதனையில் உறுதியாகியிருக்க வேண்டும், வலிப்பு இருந்தால் கட்டுக்குள் இருக்க வேண்டும், கடந்த நாலு வாரத்தில் மருந்து எதையும் மாற்றியிருக்கக் கூடாது, கூடவே வந்து பதில் சொல்ல ஒரு பராமரிப்பாளர் வேண்டும். ஜாதகம் ஒண்ணுதான் கேட்கலை. ஒரு விஷயம் முக்கியம்: அரசுத் தளத்தில் இருக்குங்கிறதாலேயே அந்த மருந்து நல்லது என்றோ, அரசு அதைச் சிபாரிசு செய்கிறது என்றோ அர்த்தம் இல்லை. அது ஒரு பதிவேடு, அவ்வளவுதான். பத்திர ஆபீஸில் பதிவானதாலேயே நிலம் நல்ல நிலம்னு ஆயிடுமா?

போன மாசம் என் அறைத்தோழனோட அக்கா மதுரையிலிருந்து போன் பண்ணினாங்க. அவங்க பையனுக்கு ஒன்பது வயசு. பேச்சு தாமதம், கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான், கல்யாண வீட்டுக் கூட்டத்தைக் கண்டா கையை உதறிக்கிட்டு வெளியே ஓடிடுவான். ஆட்டிசம், ஆட்டிசம்னே பல வருஷம் போச்சு. கடைசியா மரபணுச் சோதனை எடுத்ததில் ஃபிரஜைல் எக்ஸ் சிண்ட்ரோம்னு வந்திருக்கு. "தம்பி, அங்க இதுக்குப் புதுசா மருந்து குடுக்குறாங்களாமே, நெட்ல போட்டிருக்கு. நீ அந்தப் படிப்புதானே படிக்கிற? இவனைச் சேர்த்துவிட முடியுமான்னு கேட்டுச் சொல்றியா?"

சரின்னு சொல்லி போனை வெச்சேன். அதுக்கப்புறம் இந்த ஃபிரஜைல் எக்ஸ் கதையை முழுசா உட்கார்ந்து படிச்சேன். அக்கா கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாதுன்னு அப்பத்தான் புரிஞ்சது.

முதலில் வியாதியைச் சுருக்கமா சொல்லிடறேன். எக்ஸ் குரோமோசோமில் எஃப்.எம்.ஆர்.1 என்று ஒரு ஜீன். 1991-ல் கண்டுபிடித்தார்கள். அதன் ஆரம்பத்தில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். பொதுவாக 45 தடவைக்குள் இருக்கும். 200-ஐத் தாண்டினால் ஜீன் பூட்டிக்கொள்ளும், அது செய்ய வேண்டிய புரதம் உருவாகாது. 55-லிருந்து 200 வரை இருக்கிற அம்மாக்கள் பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருப்பார்கள். பிள்ளைக்குப் போகும்போது அந்த எண்ணிக்கை நீண்டுவிடும். அக்கா முதல்ல கேட்டதே "சொந்தத்துல கட்டினதாலயா தம்பி?"ன்னுதான். மாமன் மகனைக் கட்டியவங்க. இல்லை அக்கா, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அசலில் கட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இத்தனை வருஷமா அவங்க மாமியார் வீட்டில் எத்தனை பேச்சு கேட்டிருப்பாங்களோ, இந்த ஒரு வரியைச் சொன்னதும் போன்ல சத்தமே வரலை.

இனிமே மருந்துக் கதை. இந்தப் புரதம் மூளையில் பிரேக் மாதிரி வேலை செய்கிறது, எம்குளூர்-5 என்ற ஏற்பி ஆக்சிலரேட்டர் மாதிரி. பிரேக் இல்லாத வண்டியில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன? 2004-ல் எம்.ஐ.டி.யின் மார்க் பேரும் கூட்டாளிகளும் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். 2007-ல் எலிகளில் அந்த ஏற்பியைப் பாதியாகக் குறைத்தபோது பல குறைகள் சரியாயின. பிறவியிலேயே வருகிற அறிவு வளர்ச்சிக் குறையை மாத்திரையால் திருத்தலாம் என்று சொன்னால் உலகம் சும்மா இருக்குமா? நோவார்ட்டிஸ், ரோஷ் என்று பெரிய கம்பெனிகள் இறங்கின. மார்க் பேர் பங்கேற்றுத் தொடங்கிய சீசைட் தெரப்யூட்டிக்ஸ் என்ற சின்னக் கம்பெனி இதே பாஸ்டன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கேம்பிரிட்ஜில் இருந்தது.

நோவார்ட்டிஸ் மருந்தின் பெயர் மாவோகுளூரன்ட். முதல் ஆய்வில் 30 ஆண்கள். மொத்தமாகப் பார்த்தால் மருந்துக்கும் வெறும் மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த முப்பதில் ஏழு பேருக்கு ஜீன் முழுசாகப் பூட்டியிருந்தது. அந்த ஏழு பேர் மட்டும் முன்னேறினார்கள். 2011-ல் இது வெளியானபோது பெரிய உற்சாகம். என் துறைக்காரன் எவனாவது பக்கத்தில் இருந்திருந்தால் 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கப் போகுது, பொறுங்க'ன்னு சொல்லியிருப்பான். ஏழு பேர் என்பது ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்குகிற கூட்டம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதால்தான் பெரிய ஆய்வு தேவைப்பட்டது. பெரியவர்கள் 175 பேர், 12-லிருந்து 17 வயசு வரை 139 பேர், 12 வாரம். முழுசாப் பூட்டின ஜீன்காரர்களைத் தனியாகவும் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. பலன் இல்லை. ரோஷும் அதே வருஷம் தன் மருந்தைக் கைவிட்டது.

எலிக்குச் சரியானது மனுஷனுக்கு ஏன் சரியாகலை? மருந்தை ஆரம்பித்த வயசு தப்பா, மூன்று மாதம் போதாதா, அளந்த விதம் தப்பா என்று இன்னும் வாதம் நடக்கிறது. இதில் மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த ஆய்வுகளில் அளவுகோல் என்பது பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாள். பிள்ளை எவ்வளவு எரிச்சல்படுகிறான், ஆட்களைக் கண்டு எவ்வளவு ஒதுங்குகிறான் என்று அம்மா பார்த்து மதிப்பெண் போட வேண்டும். வெறும் மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளின் அம்மாக்களும் நல்ல முன்னேற்றம் என்று எழுதினார்கள். பொய் சொல்லவில்லை. நேர்த்திக்கடன் முடித்துவிட்டு மலையிறங்கி வரும் அம்மாவின் கண்ணுக்குப் பிள்ளை முகம் தெளிந்துதான் தெரியும். தவிர, சில வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு டாக்டர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் வீட்டுக்குள்ளேயே ஏதோ மாறத்தான் செய்யும். இன்னொண்ணு, நிலைமை ரொம்ப மோசமா இருக்கும்போதுதான் ஆய்வில் சேர்ப்பார்கள். அங்கிருந்து தானாகவே கொஞ்சம் ஏறும். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்க்கத்தான் பூவா தலையா போட்டுப் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை கொடுப்பது. வேறு வழி இல்லை.

சீசைட்டின் கதைதான் என்னை ரொம்ப நேரம் தூங்க விடலை. அவர்கள் மருந்து அர்பாக்ளோஃபென். 63 பேரிடம் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். முன்கூட்டியே தீர்மானித்திருந்த அளவுகோலில், அதாவது எரிச்சலில், பலன் தெரியவில்லை. பின்னால் தோண்டிப் பார்த்தபோது, ஆட்களைக் கண்டு ஒதுங்குவது குறைந்த மாதிரி தெரிந்தது. அதையே அளவுகோலாக வைத்துப் பெரிய ஆய்வு ஆரம்பித்தார்கள். ஆய்வு முடிந்தவர்கள் விரும்பினால் அசல் மருந்தையே தொடர்ந்து சாப்பிடலாம். இதை நீட்டிப்பு ஆய்வு என்கிறார்கள். ஆள் சேர்க்கும்போது குடும்பங்களை இழுப்பதே பெரும்பாலும் இந்த வாக்குறுதிதான். முதல்ல வெறும் மாத்திரை விழுந்தாலும் பரவாயில்லை, அப்புறம் எப்படியும் மருந்து கிடைச்சிடும் இல்லையா?

2013-ல் ரோஷ் கூட்டு முறிந்தது, பெரிய ஆய்வும் எதிர்பார்த்த முடிவைத் தரவில்லை. பணம் போதவில்லை, நீட்டிப்பையும் நிறுத்துகிறோம் என்று குடும்பங்களுக்குச் சேதி போனது. வருஷக்கணக்கில் அந்த மருந்தில் இருந்த பிள்ளைகள் உண்டு. முதல் தடவையாகக் குடும்ப விசேஷத்தில் உட்கார்ந்தான், வாய் திறந்து பேசினான் என்று சொன்ன பெற்றோர்கள் நிறுத்தாதீர்கள் என்று மன்றாடினார்கள். நியூயார்க் டைம்ஸ் வரைக்கும் செய்தி வந்தது. கடைகளில் வாங்க முடியாது, ஏனென்றால் அது அனுமதி பெற்ற மருந்து இல்லை. டோஸைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம்? புள்ளியியல் மாணவனாக எனக்குத் தெரியும்: அந்த அம்மா பார்த்த முன்னேற்றம் மருந்தால் வந்ததா என்று அந்த ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இல்லை என்றும் சொல்ல முடியாதே. 2017-ல் முழு முடிவுகளும் வெளியாயின. பெரியவர்களிடம் ஒன்றும் இல்லை. 5-லிருந்து 11 வயசு வரைக்குமான ஆய்வில், அதிக டோஸ் சாப்பிட்டவர்களிடம் மட்டும் எரிச்சலிலும் பெற்றோரின் மனச்சுமையிலும் ஏதோ பலன் தெரிந்தது. உண்மையான பலனோ தற்செயலோ, அதற்குள் கம்பெனியும் இல்லை, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள்.

நேர்மாறான ஒரு கதையும் இதே ஊரில்தான் நடந்தது. புரொஜேரியா. பால்கி இயக்கி, பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவில், நம்ம ராஜா இசையில் 2009-ல் வந்த 'பா' இந்திப் படம் பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், அமிதாப் வழுக்கைத் தலையோட சின்னப் பையனா வருவாரே, அந்த வியாதி. சின்ன வயசிலேயே ரத்தக்குழாய் முதுமை அடைந்து, மருந்தில்லாவிட்டால் சராசரியாகப் பதினாலரை வயசில் இறந்துபோவார்கள். சாம் பர்ன்ஸ் என்ற பையனுக்கு இரண்டு வயசு ஆவதற்குள் இது கண்டுபிடிக்கப்பட்டது. பெற்றோர் லெஸ்லி கார்டன், ஸ்காட் பர்ன்ஸ் இருவருமே டாக்டர்கள். யாரும் இதை ஆராயவில்லை என்று தெரிந்து 1999-ல் தாங்களே ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். 2003-ல் ஜீன் கிடைத்தது. புற்றுநோய்க்காகத் தயாரித்து வைத்திருந்த லோனாஃபார்னிப் என்ற மருந்து உதவலாம் என்று தெரிந்தது. 2007-ல் பாஸ்டன் சிறுவர் மருத்துவமனையில் பரிசோதனை.

எத்தனை பேர்? 28 குழந்தைகள், 16 நாடுகளிலிருந்து. அப்போது உலகம் முழுவதும் தெரிந்திருந்த புரொஜேரியா குழந்தைகளில் முக்கால்வாசிப் பேர் அந்த 28-லேயே அடங்கிவிட்டார்கள். நாலு மாசத்துக்கு ஒருமுறை விமானம் ஏறி வந்தார்கள். பூவா தலையா கிடையாது, எல்லாருக்கும் மருந்து. இவ்வளவு சின்னக் கூட்டத்தில், சாகப்போகிற குழந்தையிடம் வெறும் மாத்திரையைக் கொடுக்க யாருக்குக் கை வரும்? அளவுகோலாக எடை கூடும் வேகத்தை எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் இந்தக் குழந்தைகளுக்கு எடையே ஏறாது. 2012-ல் முடிவு வந்தபோது 25 பேரில் 9 பேருக்குத்தான் அது பாதிக்கு மேல் கூடியிருந்தது. 6 பேருக்குக் குறையவே செய்தது. அடுத்தடுத்த ஆய்வுகளாக மருந்து மட்டும் நிற்காமல் தொடர்ந்தது. 2018-ல் மருந்து சாப்பிட்ட 27 பேரையும், சாப்பிடாத, அதே வயசையொட்டிய 27 பேரையும் ஒப்பிட்டபோது, ஏறக்குறைய இரண்டு வருஷக் கண்காணிப்பில் ஒரு பக்கம் ஒரு மரணம், மறுபக்கம் 9. 2020 நவம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. சராசரியாக இரண்டரை வருஷம் ஆயுள் கூடுகிறது. சாம் 2014 ஜனவரியிலேயே, 17 வயதில், இறந்துவிட்டான்.

அப்படின்னா ஃபிரஜைல் எக்ஸுக்கும் வெறும் மாத்திரை இல்லாமலே செய்திருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோணுச்சு. ஆனால் மரணத்தை எண்ணலாம். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதில் அம்மாவின் ஆசை புகுந்து கணக்கை மாற்ற முடியாது. கூட்டத்தைக் கண்டு ஒதுங்குவதை எப்படி எண்ணுவது? அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட மாதிரிதான் தெரிகிறது. ஸடோல்மிலாஸ்ட் என்ற வேறொரு மருந்தை 30 ஆண்களிடம் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். அதில் கேள்வித்தாளோடு, ஐபேடில் படம் காட்டி, சொல்லை வாசிக்கவைத்து நேரடியாகவும் அளந்தார்கள். முன்னேற்றம் தெரிந்தது. முப்பது பேர்தான், முன்னாடியும் ஒரு முப்பது பேரைப் பார்த்தோம். அதனால் பெரிய ஆய்வுகளும் அதன் பின்னால் தொடங்கின.

அக்காவிடம் பேச வேண்டியதில் எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது ஒரு தமிழ்ச் சொல். பரிசோதனை. ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, டாக்டர் பரிசோதித்தார். நமக்கு நல்லது செய்வதற்காகச் செய்வது. மருந்துப் பரிசோதனையும் அதே சொல்தான். ஆனால் அங்கே பரிசோதிக்கப்படுவது நம்ம உடம்பு இல்லை, மருந்து. நாம அதுக்குத் தராசு. பேப்பர்காரர்கள் கோபம் வந்தா 'சோதனை எலிகள்'னு எழுதுவாங்க, அது இன்னொரு ஓரம். ஆய்வில் சேர்வதையும் சிகிச்சை பெறுவதையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளும் இந்த மயக்கத்தைப் பால் ஆப்பல்பாம் என்ற மனநல மருத்துவரும் கூட்டாளிகளும் 1982-லேயே பெயர் வைத்து விளக்கினார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே அந்த மயக்கம் வருகிறது. நமக்கு மொழியே சேர்ந்து குழப்புகிறது. அதனால அக்காகிட்ட அந்த வார்த்தையையே எடுக்காம, "இது வைத்தியம் இல்லக்கா, மருந்து வேலை செய்யுதான்னு பார்க்கிறதுக்கு நம்ம பையனைக் கேக்குறாங்க"ன்னு சொன்னேன்.

"பார்த்துட்டு?"

நான் நாலு நாளா படிச்சதுக்கெல்லாம் சேர்த்து அவங்க கேட்டது அந்த ஒரு சொல்தான். பார்த்துட்டு என்ன செய்வாங்க? முடிஞ்ச மறுநாள் அந்த மருந்து கிடைக்குமா? இதுக்கு ஒரு உலக விதி உண்டு. உலக மருத்துவ சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம், ஆய்வில் பலன் தந்தது தெரிந்தால் தேவைப்படுகிறவர்களுக்கு ஆய்வுக்குப் பின்னும் அது கிடைக்க ஏற்பாடு இருக்க வேண்டும், சம்மதப் படிவத்திலேயே அதைச் சொல்ல வேண்டும் என்கிறது. 'பலன் தந்தது தெரிந்தால்' என்ற இடத்தில்தான் சீசைட் குடும்பங்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இங்கே கூட்டிக்கொண்டு வருவது இப்போதைக்கு நடக்கிற காரியமில்லை என்பதையும் சொன்னேன். மாசக்கணக்கில் வந்து வந்து போக வேண்டும், கேள்வித்தாளும் சோதனைகளும் ஆங்கிலத்தில், பையனுக்குத் தெரிந்தது தமிழ். பல ஆய்வுகள் மொழியையே ஒரு நிபந்தனையாகப் போட்டிருக்கும். இந்தியாவில் ஏதாவது தொடங்கினால் பார்ப்பதற்கு சி.டி.ஆர்.ஐ. என்ற நம்ம ஊர்ப் பதிவேட்டைக் காட்டிக்கொடுத்தேன். 2007-ல் ஆரம்பித்தது, 2009 ஜூன் முதல் அதில் பதிவது கட்டாயம். மருந்து பேர் இருக்கும், ஆஸ்பத்திரி பேர் இருக்கும், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கிடைத்ததா என்பதும் இருக்கும். யாராவது "சேர்த்துக்கறோம், இவ்வளவு கட்டுங்க"ன்னு காசு கேட்டா அந்தப் பக்கமே போகாதீங்கன்னும் சொன்னேன்.

அப்புறம் 2019-ல் வந்த இந்திய விதிகளைப் படித்துக் காட்டினேன். புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகள் என்று பேர். அதில் ஆய்வுக்குப் பிந்தைய மருந்துக்கென்றே ஒரு விதி இருக்கு. வேறு மருந்து இல்லாத வியாதியாக இருந்து, அந்த நோயாளிக்குப் பலன் தருகிறது என்று ஆய்வு நடத்தும் டாக்டர் சொல்லி, எத்திக்ஸ் கமிட்டியும் ஒப்புக்கொண்டால், கம்பெனி மருந்தை இலவசமாகக் கொடுக்க வேண்டும். மொத்த ஆய்வும் ஜெயித்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை. அக்காவுக்குக் குரல் கொஞ்சம் தெளிஞ்சுது. அதுக்குக் கீழேயே இன்னொரு வரி இருக்கு, அதையும் படிச்சேன்: அப்படி வாங்கிக்கொள்ளும் மருந்தால் பின்னால் ஏதாவது ஆனால் கம்பெனி பொறுப்பில்லை என்று நோயாளியோ வாரிசோ முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும்.

"அந்தப் பக்கத்தை மட்டும் தமிழ்ல எழுதி அனுப்பு தம்பி, அவருகிட்ட காட்டணும்"னாங்க. எழுதிக்கிட்டு இருக்கேன். சட்டத் தமிழ் எனக்குச் சுத்தமா வராது. யாருக்காவது வந்தா ரெண்டு கண்ணு பார்த்துக் குடுங்க.